எண்ணெய்ச் சருமத்துக்கு மூன்று ஓட்டு

அன்புள்ள சின்ன மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இருக்கத்தான் வேண்டும், உங்கள் சுகத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இங்கே எல்லோரும் சுகம் என்று நான் எழுதினால் பேனாவுக்கே பொறுக்காது. ஆகவே சுக விசாரணையை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் உன் குரல் கேட்கும், உன் குரல் கேட்டால் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இறங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேசை மேல் தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்து, உன் அண்ணன். வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைக்காமலே கதவோரம் நின்ற உன் அண்ணி. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்து, ஏணியைச் சுவரில் சாய்த்த பிறகும் போக மனமில்லாமல் நின்ற கீழ்வீட்டு முடிதிருத்துகிறவர். நடுவில் முக்காலியில், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு, உன் அண்ணன் பெண், நம் பாப்பா. சுவரோர நாற்காலியில் நான். எனக்கு நேர் எதிரே, மடியில் கைப்பையோடு, நீ. மொத்தம் ஆறு பேர். யார் எந்தப் பக்கம் கால் நீட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதி வைத்துப் பழக்கமில்லாததால் எதுவும் என் தலையிலிருந்து அழிவதில்லை. உன் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தும் எழுந்திருக்காத உன் மாமனாரின் தம்பி அன்றைக்கு என்ன நிறத்தில் காலுறை போட்டிருந்தார் என்று வேண்டுமானால் கேள்.

விஷயம் என்ன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தவள் நீ. நம் பாப்பாவுக்குப் பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான், ஆனால் படிப்பு பெரியவர்கள் படிப்பு. கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்கு அளவு சொல்கிற படிப்பு. இரண்டு வருஷம் முடிந்து, செய்முறைப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. முன்பின் தெரியாத பத்துப் பேரை வரிசையாக உட்கார வைப்பார்களாம், ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து அளவு எழுதித் தர வேண்டுமாம். அந்த வேலையில் முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. போன மழைக்காலத்தில் அவளுக்கு முகவாயில் முதல் பரு வந்தது. பிறகு இரண்டு கன்னத்திலும் வந்தது. ஒருநாள் வகுப்பிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “பாட்டி, நான் மேல் வரியைப் படிங்கன்னு சொல்றேன். அவங்க என் கன்னத்தைப் படிக்கிறாங்க.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அந்தக் குழந்தை செய்த ஒரே தப்பு என்ன? தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குகிற முகப்பரு மருந்தே அங்கே ஒரு அலமாரி முழுக்க இருக்கிறதாம், களிம்பு, ஜெல், நுரை, தண்ணீர் மாதிரி ஒன்று, சோப்பு மாதிரி ஒன்று. எதை எடுப்பது என்று தெரியாமல், இலவசமாக வைத்திருந்த துண்டுச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் முதல் வரியே, ‘முதலில் உங்கள் சருமம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்’ என்று இருந்தது. எண்ணெய் வழிகிற சருமம், வறண்ட சருமம், இரண்டும் கலந்தது, எதைப் போட்டாலும் எரிகிற சருமம் என்று நாலு வகை. அவள் தன் அறைக்குள் கண்ணாடி முன்னால் நின்று தானே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து உன் அண்ணனிடம் கொடுத்தாள். அதுதான் அந்தத் தப்பு.

உன் அண்ணன் பேருந்துப் பணிமனையில் தொழிற்சங்கச் செயலாளராகி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் ஒரு திரைச்சீலைகூடத் தீர்மானம் போடாமல் தொங்கியதில்லை. யார் எதைச் சொன்னாலும், “முன்மொழிவா? வழிமொழிகிறது யாரு?” என்று கேட்பான். போன வருஷம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்பதற்கே கூட்டம் போட்டான். சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டுக் கிடையாது என்பது அவன் சங்கத்து விதி. என் வாயிலிருக்கிற பல்லுக்கு எனக்கே ஓட்டில்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் பிடுங்கச் சொல்லிக் கை தூக்கினார்கள், பாப்பா ஒருத்திதான் பல்லுக்காக நின்றாள், இரண்டுக்கு ஒன்று என்று பல் போயிற்று. அதை நான் மறக்கவில்லை, பல்லையும் மறக்கவில்லை, பாப்பா தூக்கிய கையையும் மறக்கவில்லை.

இந்தத் தடவை முக்காலியில் உட்கார்ந்தது பாப்பா, அதனால் அவளுக்கு ஓட்டில்லை. “பொருள் ஒன்று, பாப்பாவின் சருமம்,” என்று உன் அண்ணன் படித்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டாய். பார்த்தேன். சீட்டில் எழுதியிருந்தபடி முகத்தைக் கழுவி, எதையும் தடவாமல் ஒரு மணி நேரம் இருந்து, பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒற்றிப் பார்க்க வேண்டும். “ஒரு மணி நேரமா? கூட்டமே அரை மணிதான்,” என்று உன் அண்ணன் அதை ஐந்து நிமிஷமாகத் திருத்தினான். உன் அண்ணி வழிமொழிந்தாள், அவளுக்கு அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. காகிதம் வேண்டுமே என்றதும் முடிதிருத்துகிறவர் கீழே ஓடி, வாடிக்கைக்காரர் கழுத்தில் சுற்றுகிற மெல்லிய காகிதச் சுருளைக் கொண்டுவந்துவிட்டார். “பார்வையாளர்” என்று பதிவு செய்யப்பட்ட அந்த மனிதர்தான் அன்றைக்கு அதிகம் பேசியவர். “நான் தினமும் இருபது மூஞ்சி பாக்கிறேன்மா, தொட்டாலே சொல்லிடுவேன்” என்று சொல்லிவிட்டுத் தொட வேறு வந்தார். நான்தான் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுத் தடுத்தேன்.

அண்ணன் காகிதத்தை நெற்றியில் ஒற்றினான், ஒன்றுமில்லை. மூக்கில் லேசாக ஒரு பொட்டு. கன்னத்தில் வைத்து எடுத்தபோது காகிதம் சொதசொதவென்று ஊறிப்போய் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான், அந்தப் பக்கம் நிற்கிற பேருந்து தெரிந்தது.

“பாருங்க, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு! எண்ணெய்!”

“அதான் முகம் பளபளன்னு இருக்கு,” என்றாள் உன் அண்ணி. பெயின்ட் கடைக் கவுண்டரில் நிற்கிறவள், பளபளப்பு என்றால் அவளுக்கு எண்ணெய்ப் பெயின்ட்தான்.

“கடைசியா ஏதாவது சொல்றவங்க சொல்லலாம்,” என்று உன் அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு ஓட்டெடுப்பு. முதலில் உயர்ந்த கை என்னுடையது. ஒளிக்க மாட்டேன். எனக்கும் அந்த வயதில் நெற்றியில் எண்ணெய் வழியும், சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷம் மேற்பார்வைக்காரி என்னைச் ‘சமையற்கட்டு’ என்றுதான் கூப்பிடுவாள். மூக்கு என்னுடையது இல்லை, உயரம் என்னுடையது இல்லை, எண்ணெயாவது என்னிடமிருந்து வந்திருக்கிறதே என்று ஒரு சந்தோஷம். அண்ணன் ஒன்று, அண்ணி ஒன்று, நான் ஒன்று. மூன்று.

நீ? பதினொரு வருஷமாக மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாய். ஊரெல்லாம் உன்னிடம் வந்து முகத்தைக் காட்டிக் கேட்கிறது, நீயும் சொல்கிறாய். அன்றைக்கு உன் கை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தது. நீ வாயைத் திறந்தது தேநீர் குடிக்கத்தான். “நடுநிலை ஒன்று” என்று அண்ணன் எழுதிக்கொண்டான். ஐந்தரை மணிப் பேருந்துக்கு நீ கிளம்பிப் போனாய். படியிறங்கும்போது பாப்பா தலையைத் தடவிவிட்டுப் போனாய், என்னிடம் “வரேம்மா” என்று மட்டும் சொன்னாய். அந்தத் தடவலில் ஒரு டியூபாவது இருந்திருக்கலாம்.

அடுத்து என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொள். பொருள் இரண்டு, மருந்தின் வீரியம். பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடு ஜெல்லில் இரண்டரை சதவீதம், ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று மூன்று உண்டு. இரண்டரை வாங்குவது முதலாளியிடம் தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்கிற மாதிரி என்று உன் அண்ணன் சொன்னான், பத்து என்று தீர்மானம். அதற்குத் துணையாகச் சாலிசிலிக் அமிலம் போட்ட முகம் கழுவும் நுரை, நாளைக்கு மூன்று வேளை. அதற்கும் துணையாக முடிதிருத்துகிறவர் அன்பளிப்பாகக் கொடுத்த, சவரம் முடிந்ததும் ஆண்கள் கன்னத்தில் அறைந்துகொள்கிற லோஷன். கடைக்காரம்மா பாப்பாவிடம், கூடவே ஈரப்பதம் தருகிற கிரீமும் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். “எண்ணெய் பட்ட சுவத்து மேலயும் எண்ணெய் அடிச்சா எதுவும் நிக்காது,” என்று உன் அண்ணி அதை எதிர்த்தாள், கிரீம் தோற்றது. கடைசியாக, ஒரு தடவை நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதத்துக்குத் தொடக் கூடாது என்று சங்கத்து விதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான்.

மூன்றாம் நாள் பாப்பா, “எரியுது அப்பா,” என்றாள். “எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்,” என்றான். ஆறாம் நாள் மூக்கோரம் தோல் உரிந்தது. “பழசு போனாத்தானே புதுசு வரும்,” என்றாள் அவள் அம்மா, சுவரைச் சுரண்டிவிட்டுத்தான் பெயின்ட் அடிப்பார்களாம். எட்டாம் நாள் அவள் வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள், பரு என்னவோ வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, அதைச் சுற்றி முகம்தான் வெந்து போயிருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. நான் மூன்று வேளையும் நுரை போட்டாளா என்று குளியலறை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போட்டவளுக்குப் பொறுப்பு வேண்டாமா?

அதற்குள் துண்டு விவகாரம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு நீலத் துண்டு இரண்டிலும் ஆரஞ்சு நிறத்தில் தீவு தீவாக வெளுப்பு. அப்புறம் தலையணை உறை. நான் ஓட்டல் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றவள், துணியில் என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, கொட்டியவர் வலதுகைக்காரரா இடதுகைக்காரரா என்று சொல்வேன். வெளுப்பு என்றால் பிளீச்சிங் பவுடர், இதில் இரண்டாம் பேச்சில்லை.

“துண்டுல பவுடரைக் கொட்டினது யாரு?” என்று உன் அண்ணியைக் கேட்டேன்.

“நான் கொட்டலம்மா.”

“அப்ப துண்டு தானா நரைச்சுப் போச்சா?”

“எனக்கு எப்படித் தெரியும்? சலவை தெரிஞ்சவங்க நீங்கதானே.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போதும். ஆறு நாள் பேச்சில்லை. இதற்குள் பாப்பா வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், குளிக்கவும் தட்டை எடுக்கவும் மட்டும், நாங்கள் யாரும் கூடத்தில் இல்லாத நேரம் பார்த்து வெளியே வருவாள். நானும் உன் அண்ணியும் அந்த மூடிய கதவிடம்தான் பேசிக்கொண்டோம். “பாப்பா, உங்க பாட்டிகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு.” “பாப்பா, உங்க அம்மாகிட்ட சொல்லு, ஆறினதே எனக்குப் போதும்னு.” ஒருநாள் உள்ளே சுவரிலிருந்து எதையோ கழற்றுகிற சத்தம். மறுநாள் காலையில் கண்ணாடி, முகம் சுவர்ப்பக்கமாகத் திரும்பி, வெளியே கதவோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நானும் உன் அண்ணியும் அதை ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தோம். யார் முதலில் பேசினோம் என்று தெரியவில்லை, பேச்சு வந்துவிட்டது.

இதற்கு நடுவில் உன் அண்ணன் கதை தனி. நாங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்த அன்றைக்கு, விடிகாலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது பாப்பா வெளியே வந்து, அவன் தோளில் முகத்தை வைத்து அழுதிருக்கிறாள். இவன் தட்டிக்கொடுத்துவிட்டு, “தீர்மானம் தீர்மானம்தான் கண்ணு,” என்று சொல்லிவிட்டு நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டான். அங்கே கருநீலச் சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே இருந்த மேலாளர், “செயலாளர், உங்க தோள்ல யாரோ இருக்காங்க,” என்றாராம். குனிந்து பார்த்தால் ஒரு கன்னம், பாதி மூக்கு, முகவாய், அப்படியே வெளுத்து அச்சாகி இருக்கிறது. எட்டுப் பேர் பேச்சுவார்த்தைக் குழு, ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. கோரிக்கை என்னவென்றே மறந்துபோய் வந்து சேர்ந்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அந்தக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “தோய்க்கக் கொடுடா,” என்றேன். “போகாதும்மா,” என்றான். “எனக்குத் தெரியாதா போகுமா போகாதான்னு,” என்று பிடுங்கிப் பார்த்தேன். போகாது. சாயம் போன இடத்துக்குச் சலவை கிடையாது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது, துண்டை வெளுக்க வைத்தது பவுடர் இல்லை, அந்த ஜெல். கெட்டித் துண்டையே வெளுக்க வைக்கிறதை அந்தக் குழந்தை முகத்தில் தினம் இரண்டு வேளை அப்பியிருக்கிறோம். உன் அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு அவளுக்கு முதலில் தேநீர் ஊற்றினேன். அவளுக்குப் புரியும்.

மறுநாள் டியூப், நுரை, லோஷன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் தீர்மானம் வாங்காமல் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண், உன் வயதுதான் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“இதுல எதைம்மா போடுறாங்க?”

“எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா? ஒரே நாள்லயா?”

“காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. நுரை மட்டும் மூணு.”

“எண்ணெய்ச் சருமம்னு யாரு சொன்னாங்க? டாக்டரா?”

“ஓட்டுல வந்துச்சு.”

“எதுல?”

“மூணு ஓட்டும்மா. ஒண்ணு நடுநிலை.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். நான் காகிதம் ஒற்றிய கதையைச் சொன்னேன். “கழுவின அஞ்சாவது நிமிஷம் ஒத்தினா எந்த முகமும் ஒண்ணும் சொல்லாதும்மா. ஆனா மூக்கு நெத்தி எல்லாம் காஞ்சிருக்கு, கன்னம் மட்டும் ஊறிப்போச்சுன்னு சொல்றீங்களே. அந்த நேரம் பொண்ணு அழுதுச்சா?”

எனக்குக் கடை சுற்றியது. ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் உடனே நிறுத்தச் சொன்னாள். வாசனை இல்லாத லேசான சோப்பு நீரால் காலை மாலை இரண்டு வேளை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, முகத் துவாரத்தை அடைக்காத ஈரப்பதக் கிரீமைப் போட்டால் எரிச்சல் பத்து நாளில் அடங்கும். தோல் தேறிய பிறகு இரண்டரை சதவீதத்தை ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு பட்டாணி அளவு. பரு குறைய எட்டு வாரம் ஆகும், அவசரப்பட்டால் எட்டு மாதமாகும். அப்போதும் கேட்காவிட்டால், வீங்கிச் சீழ் வைத்தால், தோல் டாக்டர். லோஷனை மட்டும் தனியாக எடுத்து, “இதை யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்டயே குடுத்திடுங்க,” என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். அந்தக் காகிதத்தை ‘ஆதாரம்’ என்று எழுதிக் குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறான். தூக்கிப் பார்த்தேன். சுத்தமாகக் காய்ந்து வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, ஒரு கறை இல்லை. எண்ணெய் என்றால் எத்தனை நாளானாலும் அந்த இடம் தெரியும், தண்ணீர்தான் காய்ந்தால் போய்விடும். இது சலவைக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். முப்பத்தொரு வருஷம் படித்த பாடத்தை அரை மணி நேரக் கூட்டத்தில் மறந்துவிட்டுக் கையைத் தூக்கியிருக்கிறேன். அஞ்சு பேர் சுத்தி உக்காந்து என் குழந்தை முகத்தை வேடிக்கை பாத்தோம்டி, அவ அழுதா, அந்தக் கண்ணீரை வெளிச்சத்துல புடிச்சு இது எண்ணெய்னு எழுதி வெச்சிருக்கோம்.

லேசான சோப்பும் கிரீமும் வாங்கி வந்து கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல்: “இது எத்தனாவது தீர்மானம் பாட்டி?” இல்லைடி, மருந்துக்கடைக்காரம்மா சொன்னாள் என்றேன். “நான் இனிமே யாரு சொல்றதையும் போடப் போறதில்ல. அத்தை சொன்னா போடுறேன்.” பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, போவாயா என்று கேட்டேன். கதவுக்குக் கீழே தெரிந்த விளக்கு அணைந்தது. உன் அண்ணன் கதவருகே வந்து, தீர்மானத்தை ரத்து செய்கிறேன் என்று படித்துக் காட்டினான். “மூணு மாசத்துக்குத் தீர்மானத்தைத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே விதி படிச்சீங்க,” என்று உள்ளேயிருந்து அவனுக்கே அடித்தாள். அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அத்தையாம். இந்த வீட்டில் மூன்று பேர் தப்பாகவாவது வாயைத் திறந்தோம், கையைத் தூக்கினோம். தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தாள், அவளைத்தான் அந்தக் குழந்தை நம்புகிறதாம். இது எனக்குச் செரிக்கவில்லை, நாலு நாளாகச் சோற்றோடு தொண்டையில் நிற்கிறது. உன் அண்ணனை மன்னித்துவிட்டேன், அவன் கோட்டே அவனுக்குத் தண்டனை. உன் அண்ணியை மன்னித்துவிட்டேன். முடிதிருத்துகிறவரையும் மன்னித்துவிட்டேன், லோஷனை அவர் வாசலில் ஊற்றிய பிறகு. நான் தெரியாமல் செய்தவள், ஆகவே என்னையும் விட்டுவிட்டேன். நீ தெரிந்து செய்தவள். உன்னை மன்னிக்க மாட்டேன். நான் போய்ச் சேர்ந்த பிறகு வந்து அழுதாலும், அந்தக் கைப்பை வாரை எப்படிப் பிடித்திருந்தாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் கடிதம் கண்டவுடன் பாப்பாவுக்கு இரண்டு வரி எழுது. சோப்பு, கிரீம், இரண்டரை, பட்டாணி அளவு, இவ்வளவுதான், நீ சொன்னதாக எழுது. முடிந்தால் நேரில் வா. என்னோடு பேச வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவர் முதுகுவலிக்குக் கொடுக்கிற வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம். நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு, வாய் பேச வேண்டிய இடத்தில் வாய் பேசி நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற

உன் அம்மா.

பின்குறிப்பு: உறை மேல் என் எழுத்தில் விலாசம் எழுதினால் தபால்காரர் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார் என்று கதவைத் தட்டி பாப்பாவைக் கேட்டேன். அத்தைக்கு என்றதும் கதவைத் திறந்து வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தாள். உறையை வாங்காமல் கடிதத்தை வாங்கி, நான் பிடுங்குவதற்குள் முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அத்தை பேசினாங்களே பாட்டி.”

“எப்போ?”

“ஓட்டுக்கு முன்னாடி. ‘அது எண்ணெய் இல்ல, அவ அழுறா, உதட்டோரம் எல்லாம் காஞ்சு கிடக்கு, லேசானதா ஏதாவது வாங்கலாம்’னு சொன்னாங்க. நீதான், ‘உக்காருடி, உன் மூஞ்சி அந்த வயசுல எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா, கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் அதைத்தான் பேசினாங்க, நீ யோசனை சொல்ல வந்துட்டியா’ன்னு கேட்ட. அத்தை உக்காந்துட்டாங்க. நான் ஏன் அத்தையை மட்டும் நம்புறேன்னு உனக்குத் தெரியலையா?”

பொய் சொல்லாதே என்றேன். சமையலறையிலிருந்து உன் அண்ணி, கேட்காமலே, “ஆமாம்மா, சொன்னீங்க,” என்றாள். எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், அந்த இடத்தில் நீ தேநீர் குடிப்பது மட்டும்தான் தெரிகிறது. கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். “அனுப்பு, அத்தை படிக்கட்டும்,” என்று பாப்பா வைத்துக்கொண்டாள். பிறகு காகிதத்தைத் தூரத்தில் பிடித்து, “உன் வரி எல்லாம் ஏன் இப்படிச் சரிஞ்சுகிட்டே போகுது?” என்று கேட்டு, உள்ளே போய் அவளுடைய சின்ன விளக்கை எடுத்துவந்து என் கண்ணுக்குள் அடித்தாள். உரிந்த முகம் என் முகத்துக்குப் பக்கத்தில், மூச்சுப் படுகிற தூரத்தில். “அசையாத பாட்டி. வலது கண்ணுக்கு அளவு மாறியிருக்கு.” பரீட்சைக்குப் போவாளா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அசையாமல் இருந்தேன்.

ஆகவே மேலே உன்னைப் பற்றி எழுதியதெல்லாம் தப்பு. அடித்து எழுதக் கைவலி, அப்படியே படித்துக்கொள். உன் மேல் இருந்த கோபத்தை எடுத்துவிட்டேன், ஆனால் எடுத்ததை எங்கேயாவது வைக்க வேண்டுமே. மன்னிக்காத ஆளோடு நான் பேச்சை நிறுத்துவதுதான் வழக்கம், இவளோடு எப்படி நிறுத்துவது என்றுதான் விளங்கவில்லை, காலையில் எழுந்தால் இவள் பல்லைத்தான் நான் விளக்க வேண்டியிருக்கிறது. வா, வந்து நீயே பேசு. நீ மன்னித்தாலும் நான் மன்னிக்காத ஒருத்தி இந்த வீட்டில் உண்டு: உன் அம்மா.